முட்டிச் சில்லு உடைந்தால் கம்பியா, திருகா, தகடா, நூலா? எது யாருக்குப் பொருந்தும்?

ஆரணியை அடுத்த திருமலை என்றதும் நினைவுக்கு வருவது பாறையில் செதுக்கிய 16 அடி உயர நேமிநாதர் சிலையும், குந்தவை பெயரில் விளங்கும் சமணக் கோயிலும்தான். மலையைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: பட்டுத்தறி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில், குழித்தறியில் உட்காரும் நெசவாளரின் கை நாடாவை ஓட்டும், கால் குழிக்குள் மிதியை மிதிக்கும். நாள் முழுக்க முட்டி மடங்கி நீள வேண்டும்.

அப்படி ஒருவர் மழையில் நனைந்த படியில் வழுக்கி முட்டி குத்த விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஆரணி–போளூர் சாலையில் பைக் சறுக்கி விழுகிறார். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "முட்டிச் சில்லு ரெண்டா உடைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்" என்கிறார். அடுத்த சில நிமிடங்களில் கம்பி, ஸ்க்ரூ, பிளேட் என்று வார்த்தைகள் வந்து விழுகின்றன. கூட வந்தவர் ஒருவர், "ஆபரேஷன் எதுக்கு? கட்டு போட்டா சரியாயிடும்" என்கிறார். யார் சொல்வது சரி? எந்த முறை நல்லது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முட்டிச் சில்லு என்ன வேலை செய்கிறது?

முழங்காலின் முன்பக்கம் கையால் தொட்டால் தட்டுப்படும் வட்டமான சிறிய எலும்புதான் முட்டிச் சில்லு. மருத்துவத்தில் இதற்கு 'பட்டெல்லா' என்று பெயர். தசைநாணுக்குள் பொதிந்திருக்கும் எலும்புகளில் உடலிலேயே பெரியது இதுதான். மேலே தொடையின் பெரிய தசை இதைப் பிடித்து இழுக்கிறது. கீழே ஒரு தடித்த நாண் இதைக் கணுக்கால் எலும்போடு அல்ல, முழங்காலுக்குக் கீழே உள்ள கெண்டைக்கால் எலும்போடு கட்டி வைத்திருக்கிறது.

கிணற்று ராட்டினம் கயிறு இழுப்பதைச் சுலபமாக்குவது போல, தொடைத் தசை காலை நீட்டுவதை முட்டிச் சில்லு சுலபமாக்குகிறது. இது இல்லாவிட்டால் அதே காலை நீட்டத் தசை கணிசமாகக் கூடுதல் பலம் போட வேண்டும்.

சில்லின் பின்பக்கம் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். உடலிலேயே மிகத் தடிமனான குருத்தெலும்பு இங்கேதான் இருக்கிறது. காரணம், இங்கே விழும் சுமை. சமதளத்தில் நடக்கும்போது சில்லின் மீது விழும் அழுத்தம் உடல் எடையில் பாதி அளவுதான். படி ஏறி இறங்கும்போது அது சுமார் 3 மடங்கு. குத்துக்காலிட்டு முழுசாக உட்கார்ந்தால் 7 மடங்குக்கும் மேல். 60 கிலோ எடையுள்ள ஒருவர் குத்துக்காலிடும்போது 400 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தை இந்தச் சின்ன எலும்பு தாங்குகிறது. உடைந்த சில்லைச் சேர்த்துப் பிடிக்கும் எந்தக் கம்பியும் திருகும் சந்திக்க வேண்டிய சவால் இதுதான்.

எப்படி உடைகிறது?

இரண்டு வழிகள். ஒன்று, நேரடி அடி. முட்டி தரையில் மோதுவது, விபத்தில் காரின் டேஷ்போர்டில் இடிப்பது போன்றவை. இதில் சில்லு பல துண்டுகளாக நொறுங்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, தசையின் இழுப்பு. தடுக்கி விழப்போகும்போது உடலைத் தாங்கிப் பிடிக்கத் தொடைத் தசை வெடுக்கென்று இழுக்கும். பாதி மடங்கிய நிலையில் இருக்கும் சில்லு, முறுக்குக் கம்பை மடக்கி ஒடித்தது போல குறுக்கே இரண்டாகப் பிளந்துவிடும். 1992-இல் வெலிங்டனில் நடந்த டெஸ்ட் போட்டியில் இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் டேவிட் லாரன்ஸ் பந்து வீசும் தருணத்திலேயே அலறிக்கொண்டு விழுந்தார். அவரை யாரும் இடிக்கவில்லை, பந்தும் படவில்லை. இடது முட்டிச் சில்லு உடைந்திருந்தது. மீண்டு வர அவர் பயிற்சி செய்தபோது அடுத்த ஆண்டு அதே சில்லு மறுபடியும் உடைந்தது. அதன்பின் அவர் இங்கிலாந்துக்காக ஆடவே இல்லை.

முதல் கேள்வி: காலைத் தூக்க முடியுதா?

டாக்டர் எக்ஸ்ரேவுக்கு முன்பே கவனிப்பது இதைத்தான். படுத்த நிலையில், முட்டியை மடக்காமல் காலை நேராகத் தூக்கச் சொல்வார். முடிந்தால், சில்லைச் சுற்றியுள்ள தசைநாண் உறை பெரும்பாலும் தப்பியிருக்கிறது என்று பொருள். முடியவில்லை என்றால் காலை நீட்டும் அமைப்பே அறுந்திருக்கலாம். வலியால் தூக்க முடியாமல் போவதும் உண்டு என்பதால், மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டும் சோதிப்பார்கள்.

அடுத்து எக்ஸ்ரே. இதில் ஒரு ஏமாற்றுப் பேர்வழி உண்டு. நூற்றில் ஓரிருவருக்குப் பிறவியிலேயே சில்லின் மேல் வெளிமூலையில் ஒரு துண்டு ஒட்டாமல் தனியாக இருக்கும். பார்க்க உடைந்தது போலவே தெரியும். ஓரம் வழவழப்பாக இருப்பதும், பலருக்கு மறுகாலிலும் அப்படியே இருப்பதும் அடையாளம். பல துண்டுகளாக நொறுங்கியிருந்தால் சிடி ஸ்கேன் உதவும்.

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை

துண்டுகளுக்கு நடுவே இடைவெளி 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள், பின்பக்கக் குருத்தெலும்புப் பரப்பில் மேடு பள்ளம் 2 மில்லிமீட்டருக்குள், காலை நேராகத் தூக்கவும் முடிகிறது என்றால், மாவுக்கட்டோ முட்டி அசையாத பிரேஸோ போட்டு 4 முதல் 6 வாரம் வைத்தாலே பெரும்பாலும் கூடிவிடும். காலை நீட்டி வைத்தபடி ஊன்றி நடக்கவும் பலரை அனுமதிப்பார்கள். அந்த உறவினர் சொன்ன 'கட்டு போட்டா போதும்' என்பது இவர்களுக்குப் பொருந்தும்.

இடைவெளி பெரிதாக இருந்தால் பொருந்தாது. வட தமிழகத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டைத் தேடிப் போவது இன்றும் வழக்கம். ஆனால் விலகிய முட்டிச் சில்லில் சிக்கல் வேறு மாதிரியானது. மேல் துண்டைத் தொடைத் தசை ஓயாமல் மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்த இழுப்பை நிறுத்த முடியாது. நடுவே நார்த்திசு வளர்ந்து இடைவெளி நிலைத்துவிடும். நடக்க முடியும், ஆனால் படி ஏறும்போது கால் மடங்கிக் கைவிடும். சில மாதங்கள் கழித்து ஆபரேஷனுக்கு வந்தால், சுருங்கிப்போன தசையை இழுத்துச் சேர்ப்பதே பெரும்பாடு.

வெள்ளிக் கம்பியில் தொடங்கிய கதை

1877-இல் லண்டனில் ஜோசப் லிஸ்டர் உடைந்த முட்டிச் சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியால் கட்டினார். மூட்டைத் திறந்தால் சீழ் பிடித்து உயிரே போகும் என்று அஞ்சிய காலம் அது. கிருமிநீக்க முறையைக் கொண்டுவந்தவர் என்பதால் அவருக்குத் துணிச்சல் இருந்தது.

பிறகு ஒரு தலைகீழ் காலமும் வந்தது. 1937-இல் ரால்ஃப் புரூக் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், உடைந்த சில்லை ஒட்டவைப்பதைவிட எடுத்துவிடுவதே மேல் என்று எழுதினார். பலர் அதைப் பின்பற்றினார்கள். சில்லை இழந்தால் காலை நீட்டும் பலம் எவ்வளவு குறைகிறது என்று பின்னர் அளந்து பார்த்தபோதுதான், முடிந்தவரை சில்லைக் காப்பாற்ற வேண்டும் என்ற இன்றைய கொள்கை நிலைபெற்றது. எப்படிக் காப்பாற்றுவது என்பதில்தான் இப்போது நான்கு வழிகள்.

1. இரண்டு ஊசிக்கம்பி, ஒரு எட்டுக் கட்டு

உலகம் முழுக்க அதிகம் செய்யப்பட்டு வந்த முறை இது. 'டென்ஷன் பேண்ட் வயரிங்' என்பார்கள். உடைந்த துண்டுகளைச் சேர்த்து, இரண்டு ஊசிக்கம்பிகளை மேலிருந்து கீழாக இணையாகச் செலுத்துவார்கள். அவற்றின் முனைகளைச் சுற்றி, சில்லின் முன்பக்கத்தில் மெல்லிய எஃகுக் கம்பியை '8' வடிவில் போட்டு முறுக்குவார்கள்.

முட்டி மடங்கும்போது உடைந்த இடம் முன்பக்கமாகத் திறக்கப் பார்க்கும். முன்னால் உள்ள கம்பி அதைத் தடுக்கும். அதனால் அந்த இழுப்பே பின்பக்கத் துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்தும் விசையாக மாறும். இதுதான் இதன் தத்துவம்.

நல்லது: மலிவு. பெரிய கருவிகள் வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் பழக்கப்பட்ட முறை.

கெட்டது: முட்டியின் தோல் மெல்லியது. கம்பியின் முனை உள்ளிருந்து குத்தும். மண்டியிட்டால் வலிக்கும். சிலருக்கு ஊசிக்கம்பி நகர்ந்து தோலுக்கு அடியில் துருத்தும். எலும்பு கூடியபின் கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம்.

2. துளையுள்ள திருகு

ஊசிக்கம்பிக்குப் பதிலாக நடுவில் துளையுள்ள இரண்டு திருகுகள். அந்தத் துளை வழியாகவே கம்பியைக் கோத்து முன்பக்கம் '8' போடுவார்கள். திருகு துண்டுகளை நேரடியாக இறுக்கும், கம்பி திறக்காமல் தடுக்கும். முனை எலும்புக்குள்ளேயே இருப்பதால் தோலில் குத்துவது குறைவு. தானமாகக் கிடைத்த உடல்களின் முட்டிகளில் செய்த சோதனை 1997-இல் வெளியானது. அதில் திருகும் கம்பியும் சேர்ந்த கட்டு, ஊசிக்கம்பிக் கட்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு இழுப்பைத் தாங்கியது.

வரம்பு: துண்டுகள் பெரிதாக, எலும்பு உறுதியாக இருக்க வேண்டும். எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்களுக்குத் திருகின் பிடி தளரலாம். திருகின் முனை எலும்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், அதன் விளிம்பில் உரசி உரசியே கம்பி அறுந்துவிடும். அளவு சரியாக இருப்பது முக்கியம்.

3. தகடு

தட்டில் விழுந்த அப்பளம் மாதிரி நொறுங்கிய சில்லில் இரண்டு ஊசிகள் எதைப் பிடிக்கும்? இதற்காக வந்தவைதான் வலை போன்ற மெல்லிய டைட்டானியம் தகடுகளும், சில்லின் முன்பக்கத்திலோ ஓரங்களிலோ பொருந்தும் தகடுகளும். குட்டிக்குட்டித் திருகுகள் தகட்டிலேயே பூட்டிக்கொள்வதால் பல துண்டுகளைப் பல கோணங்களில் பிடிக்கலாம். ஆய்வகச் சோதனைகளில் கம்பிக் கட்டைவிட உறுதியாக நின்றிருக்கிறது.

வரம்பு: விலை அதிகம். எல்லா ஊரிலும் கிடைக்காது. ஒல்லியானவர்களுக்குத் தகடு தோலுக்கு அடியில் தட்டுப்படும். வெறும் இரண்டு துண்டாக உடைந்த சில்லுக்கு இவ்வளவு தேவையா என்பதும் கேள்வி.

4. நூல்

இதைப் படிக்கும் ஆரணிக்காரருக்கு முதலில் தோன்றுவது பட்டு நூலாக இருக்கலாம். காயம் தைக்கப் பட்டு நூல் நெடுங்காலமாகப் பயன்படுகிறதுதான். ஆனால் உடலுக்குள் அது மெல்ல மெல்லப் பலம் இழக்கும், தொற்று வந்தால் கிருமி தங்கவும் இடம் கொடுக்கும். எலும்பைப் பிடிக்க இன்று பயன்படுபவை பாலியஸ்டர், பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த, கரையாத தடித்த நூல்கள்.

சில்லின் கீழ்முனை மட்டும் பொடியாகி, திருகு பிடிக்க எலும்பே இல்லாதபோது நூல்தான் கைகொடுக்கும். கீழே உள்ள நாணில் நூலைப் பின்னி, சில்லில் துளையிட்டு, அதன் வழியே மேலே இழுத்து முடிச்சிடுவார்கள். உலோகம் இல்லாததால் குத்தாது, எடுக்க மறுபடி கிழிக்கவும் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் எஃகு போல விறைப்பானது அல்ல என்பதால், முட்டியை மடக்கும் பயிற்சியைச் சில நேரம் மெதுவாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

இவை எதுவும் முடியாதபோது, கூடாத துண்டுகளை மட்டும் நீக்கிவிட்டு நாணை மீதிச் சில்லில் தைப்பார்கள். சில்லை முழுமையாக எடுப்பது கடைசி வழி.

எண்கள் என்ன சொல்கின்றன?

பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், ஆபரேஷன் செய்தவர்களில் எலும்பு கூடாமல் போனவர்கள் நூற்றுக்கு ஓரிருவர் அளவுதான். தொற்று நூற்றுக்கு 3 அளவு. ஆனால் மூன்றில் ஒருவருக்கு இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டது. அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று, உறுத்தும் கம்பியை எடுப்பது.

2013-இல் அமெரிக்காவில் 448 முறிவுகளை ஒப்பிட்ட ஆய்வில், ஊசிக்கம்பிப் பிரிவில் சுமார் 37 சதவீதம் பேருக்குக் கம்பியை எடுக்க வேண்டி வந்தது. திருகுப் பிரிவில் அது 23 சதவீதம். கட்டு பெயர்ந்துபோனது இரண்டிலும் குறைவுதான். திருகுப் பிரிவில் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் உறுதியான வித்தியாசம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

இதிலிருந்து தெரிவது என்ன? எலும்பு கூடுமா என்பதில் முறைகளுக்கு இடையே பெரிய இடைவெளி இல்லை. கூடியபின் உறுத்துமா, இரண்டாவது ஆபரேஷன் வருமா என்பதில்தான் வித்தியாசம்.

சரி, யாருக்கு எது?

• குறுக்கே இரண்டாக உடைந்தது, எலும்பு நல்ல உறுதி: திருகும் கம்பியும். கிடைக்காவிட்டால் ஊசிக்கம்பிக் கட்டு. இரண்டும் நம்பகமானவை.

• பல துண்டுகள்: தகடு, அல்லது சிறு திருகுகளால் துண்டுகளைச் சேர்த்தபின் கம்பிக் கட்டு.

• கீழ்முனை மட்டும் பொடிந்தது: நூல்.

• முதியவர், மெலிந்த எலும்பு: திருகை மட்டும் நம்பாமல் கம்பி, நூல் அல்லது தகடு. எது என்பதைத் துண்டின் அளவு முடிவு செய்யும்.

• தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிகிறது: இது அவசரம். முறையைப் பற்றிப் பேசும் முன் காயத்தைக் கழுவிச் சுத்தம் செய்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

மூடிய முறிவு என்றால் அன்றே ஆபரேஷன் என்று பதற வேண்டாம். வீக்கம், சர்க்கரை அளவு, தோலில் உள்ள சிராய்ப்பு ஆகியவற்றைப் பார்த்துச் சில நாட்களில் திட்டமிடலாம். அதுவரை காலை நீட்டி வைத்துக் கட்டு, துணியில் சுற்றிய ஐஸ். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது கூடவே கூடாது.

தறிக்கு எப்போது திரும்பலாம்?

ஆபரேஷன் பாதி வேலைதான். மீதிப் பாதி பிசியோதெரபி. தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும், காலை நேராகத் தூக்கும் பயிற்சியும் முதலில் வரும். பிரேஸ் போட்டுக் காலை நீட்டியபடி ஊன்றி நடக்கலாம். கட்டின் உறுதியைப் பொறுத்து மடக்கும் அளவைக் கூட்டி, சுமார் 6 வாரத்தில் 90 டிகிரியை எட்டுவது பொதுவான இலக்கு.

நாற்காலியில் உட்கார 90 டிகிரி போதும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்காரவும் ஏறக்குறைய அதே அளவுதான் தேவை. ஆனால் மிதியை நாள் முழுக்க மிதிக்க எலும்பு கூடியிருக்க வேண்டும், தொடைத் தசையும் தேறியிருக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 3 மாதமோ அதற்கு மேலோ ஆகும். குழிக்குள் இறங்கி ஏறுவதுதான் தறியில் உட்காருவதைவிடக் கடினம். சம்மணமிடவும், தரையளவுக் கழிப்பறையில் குத்துக்காலிடவும் 90 டிகிரியைத் தாண்டி வெகுவாக மடங்க வேண்டும். அது வர இன்னும் நாளாகும், சிலருக்கு முழுசாக வராமலும் போகலாம். வீட்டில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது கமோடு நாற்காலிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நல்லது.

ஐடி வேலையில் இருப்பவர் மடிக்கணினியோடு சில வாரங்களில் வேலைக்குத் திரும்பிவிடலாம். நெசவாளருக்கு அந்த வசதி இல்லை. நெய்தால்தான் கூலி. அதனால்தான் இரண்டாவது ஆபரேஷனுக்கான வாய்ப்பு அவருக்கு வெறும் மருத்துவக் கணக்கு அல்ல, இன்னும் சில வாரக் கூலியின் கணக்கு.

செலவு

பொருளின் விலையில் ஊசிக்கம்பி மிகக் குறைவு, திருகு அதற்கு மேல், தகடு எல்லாவற்றையும்விட அதிகம். ஆரணியிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் வேலூரும், தெற்கே திருவண்ணாமலையும் இருக்கின்றன. இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. இந்த ஆபரேஷனுக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டுவிடுங்கள். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. என் சில்லு எத்தனை துண்டு? எக்ஸ்ரேயில் காட்ட முடியுமா?
2. ஆபரேஷன் இல்லாமல் கூட வாய்ப்பு உண்டா?
3. எந்த முறை? ஏன் அது எனக்கு?
4. கம்பியைப் பின்னால் எடுக்க வேண்டி வருமா? அந்தச் செலவு எவ்வளவு?
5. முட்டியை எந்த நாளிலிருந்து மடக்கலாம்?
6. நான் செய்யும் வேலை இது. எப்போது திரும்பலாம்?

கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. "நல்லா நடக்கலாம்" என்ற பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். நடப்பது வேறு, மிதியை மிதிப்பது வேறு, மலைப்படி ஏறுவது வேறு. உங்கள் முட்டி நாள்தோறும் என்ன செய்கிறது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். கம்பியா திருகா என்ற முடிவில் அந்தத் தகவலுக்கும் இடம் உண்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல், தையலில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், அல்லது தூக்க முடிந்த காலைத் திடீரென்று தூக்க முடியாமல் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்-அப் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே போய்க் காட்டுங்கள்.